பாலம் நிலையத்து ஓட்டம்

“வயசுக்கு வந்த பொம்பளை. வீட்டுல பிடிக்கல, கிளம்பிப் போயிட்டா. இதுல நான் யாரைப் புடிச்சு உள்ள போடறது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் மேஜையில் காகிதங்கள் காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கைவிலங்கைப் பாரமாக வைத்திருந்தார். எதிர் நாற்காலியில் அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஊரே அவளை அத்தை என்றுதான் கூப்பிடும். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையின் சம்பளம், சகவாசம், குடி மூன்றையும் விசாரித்துச் சொல்லும் தொழிலில் தொடங்கி, துப்பறியும் நிலையம் என்று பலகை மாட்டுகிற அளவுக்கு வளர்ந்தவள். அவள் விசாரிக்காமல் விட்ட ஒரே மாப்பிள்ளை அவளுக்கு வாய்த்தவன்தான் என்பது தனிக்கதை.

பக்கத்தில் நின்றவன் அவளுடைய உதவியாளன். தொந்தியும் தொப்பியுமாக இருப்பான். வாயை நிறுத்தப் பொத்தான் இல்லாததால் ரேடியோ என்று பெயர்.

“காணாமப் போனவங்க பேரு கூட உங்களுக்கு ஞாபகம் இல்லையே சார்,” என்றான் ரேடியோ.

“பல்செட்டக்கான்னு சொன்னாத்தான்யா அந்தத் தெருவுல யாருக்குமே தெரியுது.”

அவள் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா கட்டி, இரண்டு பிள்ளைகள் பேரிலும் எழுதிவைத்த வீட்டில் கீழ்த்தளத்தில் அவள். மாடியில் தம்பி, தம்பி மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அப்பாவைத் தம்பி முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டான். அந்த அப்பாதான் இல்லத்து அலுவலகப் போனிலிருந்து அத்தையைக் கூப்பிட்டிருந்தார். ‘என் பொண்ணைக் கண்டுபுடிச்சுக் குடுங்கம்மா, இங்க யாரும் நான் சொல்றதை நம்ப மாட்டேங்கறாங்க’ என்று.

“அவங்க தானாப் போனாங்கன்னு எப்படி முடிவு பண்ணீங்க?” என்று அத்தை கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் விரல்களை மடக்கினார். “ஞாயித்துக்கிழமை காலையில அவ ரயில் கார்டு வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன்ல உள்ள போயிருக்கு. கடைசி ஸ்டேஷன்ல வெளிய வந்திருக்கு. அங்கயிருந்து நாலு திசைக்கும் பஸ் இருக்கு. அங்க நின்னுதான் தம்பிக்கு மெசேஜ் அனுப்பியிருக்கா: ‘நான் போறேன், தேட வேண்டாம்.’ அதோட போன் அணைஞ்சுது.”

“கார்டும் போனும் போயிருக்கு. அவங்க போனாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? கேமரா?”

“படம் ஒரு வாரத்துல தானா அழிஞ்சிடும். மக வரலன்னு பெரியவர் சொன்னதை, மறதி, உளர்றாருன்னு இல்லத்துல கண்டுக்காம விட்டுட்டாங்க. புகார் என்கிட்ட வந்தப்போ படம் இல்ல.” இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார். “ஆனா ஒண்ணு இருக்கு. நடுவுல பாலம் ஸ்டேஷன்ல அந்தக் கார்டு வெளிய போயி, உடனே மறுபடி உள்ள வந்திருக்கு. அந்த லைன்ல தினமும் போறவங்க பண்ற தந்திரம் அது. ஒரே டிக்கெட்டா போனா விலை அதிகம், பாலத்துல இறங்கி ஏறினா கம்மி. கார்டைத் திருடினவன் இருந்தா, அடுத்தவ கார்டுல காசு மிச்சம் புடிக்க ஓடுவானா? சொல்லுங்க. தன் காசுன்னாத்தானே வலிக்கும்?”

நல்ல வாதம்தான். அதுதான் அத்தையை உறுத்தியது.

வெளியே வந்ததும் ரேடியோ சொன்னான்: “அத்தை, இந்த ஆளு போலீஸ்ல இருக்க வேண்டியவரே இல்ல. மூளை இருக்கு.”

“இருக்கு. ஆனா எழுந்து நடக்கல. வா.”

*

தம்பிக்காரன் அவர்களை மரியாதையாகவே உள்ளே அழைத்தான். ஒல்லியான உருவம், சட்டைப்பையில் இரண்டு பேனா. டயர் கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கண் சிவந்திருந்தது.

“அக்கா கோவக்காரி. அப்பாவை இல்லத்துல சேர்த்ததுலேர்ந்தே என்கூட முகம் குடுத்துப் பேசறதில்ல. போனவ நல்லா இருந்தாச் சரி.”

கீழ்த்தள அறையைத் திறந்து காட்டினான். துணிகள், பாத்திரங்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் கட்டியாகிவிட்டன. ஜன்னல் மேடையில் மட்டும் பிளாஸ்டரில் வார்த்த பல்வரிசைகள் நாலைந்து இருந்தன.

“அக்காவே இல்லாத வீட்டுல பல்லு மட்டும் சிரிக்குது,” என்று ரேடியோ முணுமுணுத்தான்.

அத்தையின் பார்வை மூலையில் நின்றது. பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காத ஒரு கட்டில். இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்தது. படுத்திருப்பவர் உருண்டு விழாமல் இருக்க.

“இது யாருக்கு?”

“அப்பாவைத் திரும்பக் கூட்டிட்டு வரணும்னு அக்கா வாங்கினா. பைத்தியக்காரத்தனம். வீட்டை வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கலாம்னு பேச்சு நடந்துட்டிருக்கு, இவ கட்டில் வாங்கறா. கடையில திருப்பிக் குடுத்துடணும்.”

“வீட்டை விக்க அவங்க சம்மதிச்சாங்களா?”

“யோசிச்சுச் சொல்றேன்னா.” அவன் கதவைச் சாத்தினான். “அதுக்குள்ள இப்படி.”

மாடிப்படியில் அவன் மனைவி நின்றிருந்தாள். கையில் துவைத்த துணி. அத்தை நிமிர்ந்து பார்த்ததும் துணியை உதறிக்கொண்டே மேலே போய்விட்டாள்.

“அந்த பாலம் ஸ்டேஷன் விஷயம்…” என்று அத்தை இழுத்தாள்.

தம்பிக்காரன் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் தெளிவு வந்தது. “அதுவா மேடம்? நான் தினமும் ஓடறேனே. என் ஆபீஸ் அந்தக் கடைசி ஸ்டேஷன்லதான். கதவு திறந்ததும் ஓடி வெளிய போயி, உடனே உள்ள வந்தா அதே ரயிலைப் பிடிச்சிடலாம். அக்காவுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். அவளும் எப்பவும் ஓடுவா.”

“உங்க ஆபீஸ்லேர்ந்து அப்பா இருக்கிற இல்லம் கிட்டதானே?”

“ரெண்டு தெரு. ஆனா வேலை நாள்ல தலை தூக்க முடியாது. ஞாயித்துக்கிழமை போயிடுவேன். அக்கா காலையில போவா, நான் சாயங்காலம்.”

“ரயில்லதான் போவீங்களா?”

“வேற? பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகுமா?”

*

மறுநாள், வேலை நாள் காலையில் இருவரும் அந்த ரயிலில் ஏறினார்கள். உட்கார இடமில்லை. ரேடியோவின் தொந்தியை ஒரு பள்ளி ஆசிரியை குடையால் தள்ளி வைத்திருந்தாள்.

பாலம் நிலையம் நெருங்கியபோது பெட்டிக்குள் ஏதோ மாறியது. தூங்கியவர்கள் கண் திறந்தார்கள். பைகள் தோளில் ஏறின. ஒரு நர்ஸ் செருப்பு வாரை இழுத்து மாட்டினாள். அத்தனை பேரும் கதவுப் பக்கம் திரும்பி, பந்தயக் குதிரை மாதிரி நின்றார்கள்.

கதவு திறந்தது.

பெட்டியில் பாதி வெளியே கொட்டியது. குடை, சாப்பாட்டுப் பை, கோட்டு, ஒரு கைத்தடி கூட. எல்லாம் பிளாட்பார நுனியில் இருந்த கேட்டை நோக்கி ஓடின. கார்டைத் தொட்டு வெளியே, அடுத்த கேட்டில் தொட்டு உள்ளே, திரும்ப ரயிலுக்கு. கூட்டத்தோடு ரேடியோவும் போய், மூச்சு வாங்க, கதவு மூடும் நேரத்தில் வந்து விழுந்தான். எல்லோருக்கும் வேகம் போதவில்லை. கைத்தடிக்காரர் வெளியிலேயே நின்றுவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அடுத்த ரயிலுக்காகக் காத்திருக்கும் முகத்தோடு.

“என்ன கருமம் அத்தை இது?”

ஆசிரியைதான் பதில் சொன்னாள். அவளும் ஓடி வந்தவள். “லைனை நாலு மண்டலமாப் பிரிச்சிருக்காங்க. ரெண்டாவது மண்டலம் தாண்டினா டிக்கெட் விலை ஒரேயடியா எகிறும். ஆனா இந்த பாலம் ஸ்டேஷன் சரியா அந்த எல்லைக் கோட்டு மேல நிக்குது. இதுவரைக்கும் ஒரு டிக்கெட், இங்கயிருந்து ஒரு டிக்கெட்னு ரெண்டா எடுத்தா, நாம அந்தக் கோட்டைத் தாண்டலன்னு மெஷின் நினைச்சுக்கும்.”

“முழுப் பூசணிக்காய் விலை கூட, அதையே ரெண்டா வெட்டி வாங்கினா கம்மியா?” என்றான் ரேடியோ. “எந்தப் புத்திசாலி போட்ட கணக்கு?”

“ரயில்ல போகாத புத்திசாலி.” அவள் வியர்வையைத் துடைத்தாள். “போன வருஷம் ஒரு கர்ப்பிணிப் பொண்ணு இந்த ஓட்டத்துல விழுந்துட்டா. அதுக்கப்புறம் ‘ஓடாதீர்கள்’னு போர்டு வெச்சாங்க. விலையை மாத்தல.”

அப்போதுதான் நகரத் தொடங்கிய ரயிலின் ஜன்னல் வழியாக அத்தை பார்த்தாள். போர்டு இருந்தது. அதன் கீழேதான் கைத்தடிக்காரர் நின்றிருந்தார்.

*

முதியோர் இல்லத்தின் வராந்தா கிருமிநாசினி நெடியோடு நீளமாகக் கிடந்தது. பெரியவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உட்கார்ந்திருந்தபோதும் கழுத்தை நீட்டிக் குனிந்துதான் பார்த்தார், கீழே எதையோ இறக்கி வைக்கப் போகிறவர் போல.

“அந்த ஞாயித்துக்கிழமை அவ வரல,” என்றார்.

பின்னால் நின்ற ஆயா சொன்னாள்: “தாத்தாவுக்கு மறந்துடும்மா. வந்துட்டுப் போனாலும் வரலம்பார்.”

பெரியவர் சண்டை போடவில்லை. இரண்டு கைகளையும் அத்தைக்கு முன்னால் நீட்டினார். நகங்கள் வளர்ந்து, ஒன்றிரண்டு பிளந்திருந்தன.

“என் கை நடுங்கும். வாராவாரம் அவதான் வெட்டி விடுவா. நான் மறந்திருக்கலாம்மா. என் நகம் மறக்குமா?”

ஆயா குனிந்து அந்த நகங்களைப் பார்த்தாள். ரேடியோவும்.

அத்தை அந்த விரல்களை ஒரு கணம் பிடித்திருந்தாள். கடைசி நிலையத்தில் இறங்கியவள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அப்பாவைப் பார்க்காமல் எங்கே போவாள்? அதுவும் அவருக்காகக் கட்டில் வாங்கி வைத்துவிட்டு?

“மகன் வந்து பார்ப்பாரா, ஐயா?”

“வருவான், வருவான். அவனுக்கு வேலை ஜாஸ்தி.” பெரியவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். “நல்ல பையன்.”

வாசல் வரை வந்த ஆயா குரலைத் தாழ்த்தினாள். “பையன் வந்ததே இல்லம்மா. கொண்டுவந்து விட்ட அன்னைக்குப் பார்த்ததுதான். அதுவும் வாடகைக் கார்ல வந்தாரு, காரை நிறுத்தக்கூட இல்ல. ஞாயித்துக்கிழமை பூரா நான்தான் வாசல்ல இருக்கேன்.”

தெருவுக்கு வந்ததும் ரேடியோ சொன்னான்: “பொய்யன். ஆனா அப்பாவைப் பார்க்காதவனை எல்லாம் உள்ள போடணும்னா ஜெயில்ல இடம் பத்தாது அத்தை.”

“பத்தாதுதான். ஞாயித்துக்கிழமை அதே ரயில்ல ஏறுவோம். வாராவாரம் அதுல வர்றவங்க யாராவது அக்காவைப் பார்த்திருப்பாங்க.”

*

ஞாயிற்றுக்கிழமை ரயில் காலியாக இருந்தது. அங்கங்கே நாலைந்து பேர், மடியில் பழப்பைகளோடு. பெரும்பாலும் இல்லத்துக்கும் அதை ஒட்டிய ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள்.

பாலம் நிலையம் நெருங்கியதும் ரேடியோ எழுந்தான். பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டான். “இந்த வாட்டி முதல் ஆளா வந்து காட்டறேன் பாருங்க.”

கதவு திறந்தது. ரேடியோ பாய்ந்தான்.

அவன் மட்டும்தான் பாய்ந்தான்.

பெட்டியில் வேறு ஒரு கால் கூட அசையவில்லை. வெறிச்சோடிய பிளாட்பாரத்தில் தொந்தி குலுங்க அவன் ஓடுவதை எல்லோரும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். கேட்டில் கார்டைத் தொட்டான், வெளியே போனான், உள்ளே வந்தான், வேர்க்க விறுவிறுக்க வந்து இருக்கையில் விழுந்தான்.

எதிரே இருந்த கண்ணாடி போட்ட பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். “அண்ணே, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை.”

“அதனால?”

“ஞாயித்துக்கிழமை மண்டலமே கிடையாது. ஒரு தடவை உள்ள போனா லைன் முழுக்க ஒரே டிக்கெட். நீங்க இறங்கி ஏறினதால ரெண்டு டிக்கெட் போயிருக்கும். டபுள்.”

ரேடியோ கார்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “ஆறு நாள் ஓடினா லாபம், ஏழாவது நாள் ஓடினா நஷ்டமா? இவங்க ரயில் விடறாங்களா, சூதாட்டம் விடறாங்களா?”

அத்தை சிரிக்கவில்லை. எழுந்து வந்து அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இது எல்லாருக்கும் தெரியுமா?”

“ஞாயித்துக்கிழமை வர்றவங்களுக்குத் தெரியும். நான் முதல் தடவை வந்தப்போ எழுந்துட்டேன். ஒரு அக்கா கையைப் புடிச்சு உட்கார வெச்சாங்க. ‘இன்னைக்கு ஓடாதே, காசு போயிடும்’னாங்க. பல்செட் செய்யிற அக்கா. எங்கம்மாவும் அவங்கப்பாவும் ஒரே இல்லம்.”

“அந்த அக்காவைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?”

பெண்ணின் சிரிப்பு மெல்ல வடிந்தது. “மூணு ஞாயிறா வரலையே. முதல் வாரம் என் பக்கத்துல அவங்களுக்கு இடம் போட்டு வெச்சேன். அவங்க ஏறுற ஸ்டேஷன்ல எட்டிக்கூடப் பார்த்தேன்.”

“அந்த முதல் வாரம் பாலத்துல யாராவது இறங்கி ஓடினாங்களா?”

“ஆமா.” அவள் யோசித்தாள். “ஒருத்தர். உங்க ஆளை மாதிரியே தனியா. ஆனா ஒல்லி. தொப்பி போட்டுத் தலையைக் குனிஞ்சிட்டே ஓடினாரு, குனிஞ்சிட்டே வந்தாரு. முகம் தெரியல. பாவம், டபுள் காசுன்னு நாங்க சிரிச்சோம்.”

ரயில் நகர்ந்தது. அத்தை நெற்றியை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டாள்.

“அத்தை?” என்றான் ரேடியோ.

“பல்செட் கூடம் வீட்டுலேர்ந்து எவ்வளவு தூரம்?”

“அடுத்த தெரு. நடந்தே போயிடலாம்.”

“அப்போ அவங்க ரயில் ஏறினதே ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அப்பாவைப் பார்க்க மட்டும்தான். வாழ்க்கையில ஒரு நாள் கூட அவங்க இந்த ஓட்டம் ஓடினதே இல்ல, ரேடியோ.”

அவள் போனை எடுத்தாள். “இன்ஸ்பெக்டர் சார், அந்தக் கார்டோட பழைய ஞாயித்துக்கிழமைகளையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்க. பாலத்துல ஒரு தடவையாவது இறங்கியிருக்கான்னு. அப்புறம் எழுந்து நடந்து தம்பிக்காரன் வீட்டுக்கு வாங்க.”

*

இன்ஸ்பெக்டர் வந்தபோது முகம் இறுகியிருந்தது. அத்தையைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஒரு தடவை கூட இறங்கியதில்லை.

தம்பிக்காரன் கூடத்தில் உட்கார்ந்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். “ஏதாவது தகவல் உண்டா சார்?”

“ஒரு சின்ன சந்தேகம்,” என்றாள் அத்தை. “ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போவேன்னீங்களே. அப்பவும் பாலத்துல இறங்கி ஏறுவீங்களா?”

“பின்ன? காசை விட்டெறிய நான் என்ன ஜமீன்தாரா?”

“ஞாயித்துக்கிழமையும்?”

“எல்லாக் கிழமையும்தான் மேடம். ரயிலுக்கு ஏது கிழமை?”

“இருக்கு சார்,” என்றான் ரேடியோ. “காலையில ஓடிப் பார்த்துட்டு வந்துதான் சொல்றேன். ஞாயித்துக்கிழமை ஓடினா ரெண்டு டிக்கெட். அந்த ரயில்ல இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருந்துது. முட்டாள் மாதிரி ஓடினது நான் ஒருத்தன்தான். மூணு வாரத்துக்கு முன்னாடி இன்னொருத்தர் ஓடியிருக்காரு.”

இஸ்திரிப் பெட்டி சட்டை மேலேயே நின்றுவிட்டது.

“அக்கா… கோவத்துல, பழக்கதோஷத்துல…”

“எந்தப் பழக்கம்?” என்று அத்தை கேட்டாள். “பழக்கம் உங்களுது. வாரத்துல ஆறு நாளும் நீங்கதான் ஓடறீங்க. அக்காவும் ஓடுவான்னு நினைச்சீங்க. இறங்கி ஏறினா அது அவதான்னு எல்லாரும் நம்புவாங்கன்னு கணக்குப் போட்டீங்க. இன்ஸ்பெக்டரே நம்பினாரு. அன்னைக்கு உங்ககூட ஒருத்தர் கூட ஓடலையே, அதைக் கூடவா கவனிக்கல?”

சட்டை கருகும் வாடை வந்தது. ரேடியோ போய் பிளக்கைப் பிடுங்கினான்.

“குனிஞ்சிட்டிருந்தேன்,” என்றான் தம்பிக்காரன். தான் என்ன சொன்னோம் என்று புரிய அவனுக்கே ஒரு கணம் ஆயிற்று. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான்.

“தள்ளணும்னு தள்ளல. சனிக்கிழமை அந்தக் கட்டிலை இறக்கினா. வீட்டை விக்க விடமாட்டேன், அப்பா இங்கதான் சாவாருன்னா. வாங்கறவன்கிட்ட நான் வாக்குக் குடுத்துட்டேன். படியில நின்னு கத்தினா. கையைத்தான் உதறினேன். தலை… கீழ்ப்படியில…”

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கலாம்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“பயந்துட்டேன்.”

“எங்க வெச்சிருக்கே?”

மாடிப்படியிலிருந்துதான் பதில் வந்தது. மனைவி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தாள்.

“கொல்லையில பழைய தண்ணித் தொட்டி இருந்துது. காலையில எழுந்து பார்த்தா மேல சிமென்ட் போட்டிருந்தாரு. எதுக்குன்னு கேட்டேன். கேக்காதேன்னாரு.” அவள் குரலில் அழுகை இல்லை. “நான் கேக்கல.”

இன்ஸ்பெக்டர் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

அத்தை தம்பிக்காரனுக்கு எதிரே குனிந்தாள். மரியாதை அவள் பேச்சிலிருந்து தானாகவே கழன்று விழுந்திருந்தது.

“ரெண்டு தெரு தள்ளித் தினமும் உட்கார்ந்திருந்தே. ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை உங்கப்பாவைப் பார்க்கப் போயிருந்தா, அன்னைக்கு ஓடக் கூடாதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களால உன்னைப் புடிச்சிருக்கவே முடியாது.”

அவன் முகத்தை மூடிக்கொண்டான். மேலே ஏதோ ஒரு குழந்தை ‘அம்மா’ என்று கூப்பிட்டது. மனைவி அசையாமல் நின்றாள்.

*

பெரியவரிடம் சொல்ல வேண்டிய வேலை அத்தைக்கு வந்தது. அது போலீஸ் வேலை என்று ரேடியோ சொல்லிப் பார்த்தான். ‘கூப்பிட்டது என்னை’ என்று சொல்லிவிட்டாள்.

வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் பூசி மெழுகாமல், முதலில் மகளைப் பற்றிச் சொன்னாள். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது போல இருந்தது. வேறு யாரும் நம்பாததால் தனியாகவே தெரிந்து வைத்திருந்தார்.

பிறகு யார் என்று சொன்னாள்.

அப்போது அவர் கண் திறந்தார். வராந்தாவின் கோடியில் ஆயா யாருக்கோ சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். ரேடியோ தூணுக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினான்.

“பொண்ணைத் தேடிக் குடுங்கன்னு நான்தானே கேட்டேன்,” என்றார் பெரியவர்.

“ஆமாங்க ஐயா.”

“நான் கேக்காம இருந்திருந்தா…” அவர் முடிக்கவில்லை. முடிக்கக் கூடாது என்று அவரே தீர்மானித்தது போல வாயை இறுக்கிக்கொண்டார். “இல்ல. கேட்டது சரிதான். அவ எனக்குப் பொண்ணு.”

“சரிதான் ஐயா.”

“அவனும் எனக்குப் பையன்.”

அத்தை தலையசைத்தாள்.

“அவளை எடுத்து அடக்கம் பண்ணுவாங்க இல்ல? நான் போகணும். அப்புறம் அவனை வெச்சிருக்கிற இடத்துக்கும் ஒரு தடவை போகணும். ஏன்டான்னு கேக்க இல்ல. பார்த்துட்டு வரணும், அவ்வளவுதான்.”

“நான் வந்து கூட்டிட்டுப் போறேன் ஐயா.”

“உங்ககூட விடமாட்டாங்கம்மா,” என்றார் பெரியவர் பொறுமையாக, புதிதாக வந்தவர்களுக்கு இடத்தின் வழக்கத்தைச் சொல்கிற குரலில். “இங்கயிருந்து வெளிய போகணும்னா பெத்த பிள்ளைங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும். எனக்கு ரெண்டு பேருதான்.”